குணாளன், 1988 – 2025

பினாங்கில், பிறை என்ற ஊரில் இருக்கும் ஓர் அட்டைப்பெட்டித் தொழிற்சாலையில் குணாளன் பதினோரு வருடம் டிசைனராக இருந்தான். அந்தப் பதினோரு வருடத்தில் பெட்டிமேல் அச்சடிக்க அவன் வரைந்தது மூன்றே மூன்று சங்கதிகளைத்தான். மேலே பார்க்கும் அம்பு, மழைக்குக் குடை, கை தவறினால் உடையும் கண்ணாடிக் கோப்பை. அவன் அம்பு போய் இறங்காத துறைமுகம் இந்த உலகத்தில் கிடையாது. வடதுருவத்துக் கரடிகூட அவன் குடையை ஒரு தரமாவது முகர்ந்து பார்த்திருக்கும். ஆனால் தொழிற்சாலைக்குள் அவனுக்கு இருந்த ஒரே பெயர் லேபல்.

“டேய் லேபல், கொடைய இன்னும் கொஞ்சம் விரிச்சு வை லா!” என்று ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவர் தொடங்கி மேனேஜர் வரைக்கும் அதே அழைப்பு. குணாளன் என்ற பெயர் தெரிந்தது அவனுடைய ஐசி அடையாள அட்டைக்கும் மனைவி சுபாஷினிக்கும் மட்டும்தான். அவளும் ‘என்னங்க’ என்றுதான் கூப்பிடுவாள்.

ஐந்து மாதத்துக்கு முன்பு, புதிதாக வேலைக்குச் சேர்ந்த ஒருவன் ஆசையாக அவனுக்குப் பிறந்தநாள் கேக் வாங்கி வந்தான். கேக்கின்மேல் சிவப்பு கிரீமில் ‘ஹேப்பி பர்த்டே லேபல்’ என்று எழுதியிருந்தது. குணாளன் சிரித்தபடி கேக்கை வெட்டினான், எல்லாருக்கும் கொடுத்தான், பாத்திரத்தைக் கழுவி வைத்தான், அன்று மாலையே ராஜினாமாக் கடிதம் எழுதினான்.

இனிமேல் தன் பெயருக்குத்தான் வேலை வர வேண்டும் என்று முடிவு. அதற்கு வழி சொன்னவன் ஹரீஷ். கோலாலம்பூரில் உட்கார்ந்துகொண்டு கணினித் திரை வழியாக ஐநூறு பேருக்கு ஒரே நேரத்தில் ஞானம் வழங்கிய பிராண்டு குரு.

“பிரதர், நீங்க லோகோ விக்கல. நீங்கதான் பிராண்டே! உங்க மொகம், உங்க பேரு, உங்க கத. கலரக் கொற, வார்த்தையக் கொற, மர்மத்தக் கூட்டு. முக்கியமா, வீட்டு ஆளுங்ககிட்ட அபிப்பிராயம் கேக்காத. குடும்பம்தான் பிராண்டோட மொதல் எதிரி!”

குணாளன் இதைப் பெரிய எழுத்தில் அச்சடித்து, பிளாஸ்டிக் உறை போட்டு, குளியலறைக் கதவில் ஒட்டினான். காலையும் மாலையும் பல் துலக்குகிறபோது படித்தான். அவன் துலக்கிய துலக்கில் பல் தேய்ந்ததே தவிர, பெயர் வளரவில்லை. ஐந்து மாதத்தில் இன்ஸ்டாகிராமில் நூற்று நாற்பது படங்கள் போட்டான். எந்தப் படத்துக்கும் மூன்று லைக்குக்கு மேல் விழுந்ததில்லை. ஒன்று சுபாஷினி. ஒன்று, வேறு கணக்கிலிருந்து அவனே. மூன்றாவது பாலிக் பூலாவ் பக்கம் டுரியான் பழம் விற்கும் கடை. அது எல்லாருக்கும் போடும்.

கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையில் மசாலாக் கடை வைத்திருக்கும் அலாவுதீன் புதிதாக மீன் குழம்பு மசாலா போடப் போகிறார், பொட்டலத்துக்கு டிசைன் தேடுகிறார் என்று கேள்விப்பட்டு நான்கு தடவை போனான். நான்கு தடவையும் அலாவுதீன் தேத்தண்ணி வாங்கிக் கொடுத்து, அன்பாக, ஒரே பதிலைச் சொன்னார்.

“தம்பி, கோவிச்சுக்காதீங்க. நீங்க யாருன்னே ஊர்ல தெரியலயே. பேரு தெரிஞ்ச ஆளா பாத்துக் குடுக்கலாம்னு இருக்கேன்.”

பழைய தொழிற்சாலையோ அவனை விடவில்லை. அவன் போன பிறகு வந்தவன் குடையைத் தலைகீழாக அச்சடித்துவிட்டானாம். மனிதவளப் பிரிவு ரோஹானா தொலைபேசியில் கூப்பிட்டு, இடம் காலியாக இருக்கிறது, திங்கட்கிழமை மதியம் பன்னிரண்டு மணிக்குள் சொன்னால் அவனுக்கே என்றாள். குணாளனுக்குக் கேக்கின்மேல் இருந்த சிவப்பு கிரீம் நினைவுக்கு வந்தது.

சுபாஷினி ஒரு பல் கிளினிக்கில் வரவேற்பில் இருப்பவள். வாயைத் திறக்கப் பயப்படுகிறவர்களோடு பேசிப் பேசி நிதானம் பழகியவள்.

“ஒரே ஒரு ஆளுங்க,” என்றாள். “உங்க பேரச் சொல்லி, போன் போட்டு, எனக்கு இதச் செஞ்சு குடுங்கன்னு ஒருத்தர் கேக்கட்டும். அப்புறம் நான் அந்தப் பேச்சே எடுக்கல. இல்லன்னா திங்கக்கெழம பன்னெண்டு மணிக்கு நீங்களே ரோஹானாவுக்கு அடிச்சு, வர்றேன்னு சொல்லிருங்க. சரியா?”

“ஒருத்தர் போதுமா?”

“ஒருத்தர் போதும்.”

உலகத்தில் எண்ணூறு கோடிப் பேர். அதில் ஒருத்தர். கேட்க எவ்வளவு சின்னதாக இருந்ததோ, அன்று முதல் அந்த ஒருத்தர் குணாளனின் நெஞ்சின்மேல் அவ்வளவு பாரமாக ஏறி உட்கார்ந்துகொண்டார்.

கடைசி ஆயுதமாக அவன் ஒரு அறிமுகப் படம் செய்தான். ஒரே ஒரு படம். ஒன்பது நாள் வேலை. கலரைக் குறைக்கச் சொன்னார் குரு. கறுப்பு வெள்ளையைத் தவிர எல்லாவற்றையும் எடுத்தான். நடுவில் அவன் முகம், லேசான புன்னகை, தலைக்குப் பின்னால் மெல்லிய வெளிச்சம். கீழே ஒல்லியான எழுத்தில் ‘குணாளன்’. பேர்போன கடைகளுக்கெல்லாம் ஆண்டு போட்டிருக்கிறதே என்று, தான் பிறந்த ஆண்டையும் தன் பிராண்டு பிறந்த ஆண்டையும் போட்டான்: 1988 – 2025. அதற்குக் கீழே ‘ஞாயிறு காலை மணி 10, இல்லத்தில்’ என்று வீட்டு முகவரி. வார்த்தையைக் குறைக்க வேண்டுமே. அதனால் டிசைன், ஸ்டூடியோ, திறப்பு, வருக என்ற எதுவும் இல்லை. படத்தைச் சுற்றி விட்டிருந்த வெள்ளை இடத்தில் ஒரு லோரி தாராளமாகத் திரும்பலாம்.

ஒன்பது நாள் ஒரே படத்தை உற்றுப் பார்த்தவனுக்கு அது படமாகத் தெரியாது. புள்ளி தெரியும், கோடு தெரியும், எழுத்துக்கு நடுவே விட்ட இடைவெளி தெரியும். குருவின் கட்டளையை மீறி, வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த சுபாஷினியிடம் ஒரு விநாடி நீட்டினான். அவள் தலைவாரிக்கொண்டே எட்டிப் பார்த்தாள்.

“அமைதியா இருக்குங்க,” என்றாள்.

அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. அமைதி! அதைத்தானே ஒன்பது நாளாக வரவழைக்கப் பார்த்தான்.

சனிக்கிழமை காலையில் அந்தப் படத்தை சுப்பையாவின் வாட்சாப் குழுவில் போட்டான். சுப்பையா அதே அடுக்குமாடியில் இரண்டாம் மாடிக்காரர். தபால்காரராக இருந்து ஓய்வுபெற்றவர். தபால் துறை அவரை விட்டதே தவிர அவர் தபாலை விடவில்லை. எது வந்தாலும் எட்டு விநாடிக்குள் நானூறு பேருக்கு அனுப்பிவிட்டுத்தான் மூச்சு விடுவார். பாலத்தைத் தாண்டி பட்டர்வொர்த்துக்கு ஒரு செய்தி போக வேண்டுமென்றால் மின்சாரத்தைவிட சுப்பையாவைத்தான் நம்பலாம்.

பத்து மணிக்குள் படம் பினாங்குத் தீவு முழுக்கப் பரவிவிட்டது. பதினொன்றுக்குள் தெரிந்தவர், தெரியாதவர் எல்லாருடைய ஸ்டேட்டஸிலும் குணாளன் முகம். பலர் கைகூப்பிய படத்தைச் சேர்த்திருந்தார்கள். சுங்கைப் பட்டாணியில் இருக்கும் சித்தப்பா மகன் ‘வார்த்தையே வரல’ என்று எழுதியிருந்தான்.

“பாத்தியா!” குணாளன் கிளினிக்குக்குப் போன் அடித்தான். “வார்த்தையே வரலன்னு போட்டுருக்கான்! அஞ்சு வருஷமா என்கூடப் பேசாதவன்!”

“போன் வந்துச்சா?”

“வரும்.”

வரவில்லை. பன்னிரண்டானது, ஒன்றானது. போனை மேசையில் வைத்துப் பார்த்தான், சன்னல் ஓரம் வைத்துப் பார்த்தான், ஏர் ஃபிரையர்மேல் ஏற்றி வைத்துப் பார்த்தான். மூன்று மணிக்கு அவன் முகத்தை ஆறாயிரம் பேராவது பார்த்திருப்பார்கள், ஒரு காக்கைகூட கூப்பிடவில்லை. இத்தனை பேர் பார்த்தும் ஒருத்தருக்கும் கேட்கத் தோன்றவில்லையென்றால் அது விளம்பரத்தின் கோளாறாக இருக்க முடியாது. தன்னிடமே ஏதோ கோளாறு. முகத்தில் ‘லேபல்’ என்று ஏதாவது எழுதியிருக்கிறதா என்று கண்ணாடியில் போய்ப் பார்த்துவிட்டு வந்தான்.

சுபாஷினி வீடு திரும்பியதும், “ஒரு தடவ அடி,” என்றான்.

அவள் அடித்தாள். போன் வீடே அதிரும்படி பாடியது.

“நல்லாத்தான் இருக்கு.”

“இன்னொரு தடவ அடி.”

“எத்தன தடவ அடிச்சாலும் நான்தாங்க வருவேன்.”

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கெல்லாம் வீடு தயார். பிராண்டு நிறம் கறுப்பு வெள்ளை என்பதால் சோபாவுக்கு வெள்ளைத் துணி, மேசைக்கு வெள்ளைத் துணி, கண்ணாடி ஜாடியில் வெள்ளைச் செவ்வந்தி. கூடத்தில் அவனுடைய கறுப்பு வெள்ளைப் படத்தைப் பெரிதாகச் சட்டம் போட்டு நிறுத்தி, அதன்மேல் சின்ன விளக்கு ஒன்று விழும்படி வைத்திருந்தான். அவனும் வெள்ளைச் சட்டை, வெள்ளைக் கால்சட்டை. சுபாஷினி, கிளினிக்கின் வெள்ளைச் சீருடை. அவள் கூடத்தின் நடுவில் நின்று சுற்றும் முற்றும் பார்த்தாள்.

“என்னங்க…”

“சொல்லாத. எதையும் சொல்லாத. இன்னிக்கு மட்டும்.”

பத்து மணிக்கு லிஃப்ட் திறந்தது. அந்த லிஃப்ட் கட்டிய நாளிலிருந்து அவ்வளவு பேரைச் சுமந்ததில்லை. முதலில் சுப்பையா. பின்னால் அவருடைய வாட்சாப் குழுவே திரண்டு வந்தது போல முப்பது பேர். எல்லாரும் செருப்பை வாசலிலேயே கழற்றினார்கள். யாரும் பேசவில்லை, யாரும் சிரிக்கவில்லை. குணாளன் அப்போது சமையலறையில் சிவப்பு சிரப் தண்ணீர் கலக்கிக்கொண்டிருந்தான். முப்பது பேர் வந்தும் இத்தனை ஒழுங்கா! கோப்பைகளை இன்னும் நேராக அடுக்கினான். உலகத்தரம் வாய்ந்த கண்காட்சிகளில்தான் இப்படி மௌனமாகப் பார்ப்பார்கள் என்று குரு சொல்லியிருக்கிறாரே.

கூடத்தில் சுபாஷினியின் கையை ஒரு அம்மாள் பிடித்துக்கொண்டாள். “எப்படிம்மா? நல்லாத்தானே இருந்தாரு? போன வாரம்கூட பசார்ல பாத்தேனே, கங்கோங் கீரைக் கட்டு பொறுக்கிக்கிட்டு இருந்தாரு!”

“நல்லாத்தான்க்கா இருக்காரு,” என்றாள் சுபாஷினி குழம்பிப் போய்.

“அப்படித்தான்மா தோணும். நம்ப முடியாது,” என்று அந்த அம்மாள் அவளை மார்போடு அணைத்துக்கொண்டு ஓவென்று குரலெடுத்தாள்.

அந்த நேரம் பார்த்து, வெள்ளை உடையில், கையில் தட்டும் இருபது கோப்பையுமாக, லேசான புன்னகையோடு குணாளன் வெளியே வந்தான்.

அந்த அலறல் குவீன்ஸ்பே வரைக்கும் கேட்டிருக்கும். ஒருத்தர் மலர்வளையத்தைப் போட்டுவிட்டு லிஃப்டுக்கு ஓடினார். ஒருத்தர் லிஃப்டுக்குக் காத்திருக்கப் பொறுமையில்லாமல் எட்டு மாடியையும் படியில் இறங்கினார். அவர் போன மாதம்தான் முழங்கால் அறுவைச் சிகிச்சை செய்தவர். தட்டு விழுந்து, சிரப் தண்ணீர் வெள்ளைத் துணியெல்லாம் சிவப்பாகச் சிதறியது. அதைப் பார்த்து இன்னும் இரண்டு பேர் அலறினார்கள்.

கடைசியில் சுப்பையாதான் வாயைத் திறந்தார். அவர் குரலில் பயமில்லை, கோபம்.

“அப்ப நீ சாகலயா?”

“இல்லண்ணே.”

“நானூறு பேருக்கு அனுப்பிட்டேன்டா தம்பி! நேத்துக் காலையில இருந்து! ஈப்போவுல என் சம்பந்தி ஒனக்காகச் சாப்பிடாம இருக்காரு! ஒரு வார்த்த சொல்லிட்டுச் செய்யக் கூடாதா?”

“அண்ணே, அது என்னோட ஸ்டூடியோ தெறப்புண்ணே…”

“தெறப்பா?” சுப்பையா தன் போனை எடுத்து அவன் மூக்குக்கு முன்னால் நீட்டினார். “கறுப்பு வெள்ளப் படம். தலைக்குப் பின்னால ஒளிவட்டம். பேரு. பொறந்த வருசம், இந்த வருசம். எத்தன மணி, எந்த வீடு. முப்பத்தஞ்சு வருசம் தபால் குடுத்திருக்கேன், இந்த ஊர்ல இத யாரு பாத்தாலும் என்னான்னு நெனைப்பாங்க? சொல்லு!”

குணாளன் பார்த்தான். ஒன்பது நாளில் முதல் தடவையாக, புள்ளியும் கோடும் மறைந்து, முழுப் படத்தையும் பார்த்தான். உயிரோடு இருக்கிற மனிதன் தன் சாவு அறிவிப்பை அடுத்தவர் கைப்பேசியில் பார்க்கிற பார்வை அது. இறந்தவன் எண்ணுக்கு யார் போன் அடிப்பார்கள்? நேற்று முழுவதும் போன் ஏன் ஊமையாக இருந்தது என்பது அப்போதுதான் புரிந்தது.

“அண்ணே, இருங்கண்ணே. அக்கா, இருங்க. வந்தது வந்தீங்க, கார்டாச்சும் வாங்கிட்டுப் போங்க!” அவன் பெயர் அச்சடித்த அட்டைக் கட்டை எடுத்துக்கொண்டு வாசலுக்கு ஓடினான். யாரும் வாங்கவில்லை. அவன் உயிரோடு இருப்பது எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. ஆனால் வந்தது துக்க வீட்டுக்கு என்று உடம்புக்குத் தெரியுமே. துக்க வீட்டில் ஒன்றும் வாங்கக் கூடாது, தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது, போய்வருகிறேன் என்று சொல்லக் கூடாது, திரும்பிப் பார்க்கக் கூடாது. தலையைக் குனிந்துகொண்டு ஒவ்வொருவராகச் செருப்பை மாட்டி, ஒரு வார்த்தை பேசாமல், நேராக வீட்டுக்குப் போய்த் தலை முழுகப் போனார்கள். முப்பது முதுகுகளையும் அவன் அட்டையை நீட்டியபடியே பார்த்துக்கொண்டு நின்றான்.

எல்லாருக்கும் பிந்தி வந்தவர் அலாவுதீன். இரண்டு ஆள் தூக்கும் சோற்றுப் பானை, ஒரு வாளி பருப்புக் குழம்பு. துக்க வீட்டில் அடுப்பெரியாது என்று கொண்டு வந்திருந்தார். கீழேயே விஷயத்தைக் கேள்விப்பட்டுவிட்டார் போல. வாசலில் நின்று அவனை மேலும் கீழும் பார்த்து, தோளைத் தொட்டு, சூடாக இருக்கிறதா என்று சரிபார்த்துக்கொண்டார்.

“அல்ஹம்துலில்லா. சோறு எறக்கவா, வேணாமா?”

குணாளன் அவர் கையைப் பிடித்து இழுத்து வந்து, சிரப் சிதறிய சோபாவில் உட்கார வைத்து, மடிக்கணினியைத் திறந்தான். மீன் குழம்பு மசாலாப் பொட்டலத்துக்கு அவன் போட்டு வைத்திருந்த பதினெட்டு மாதிரிகளையும் காட்டினான். குரல் கிறீச்சிட்டது, சொல் குழறியது, நடுவில் இரண்டு தரம் மூக்கை உறிஞ்சினான். அலாவுதீன் பதினெட்டையும் பொறுமையாகப் பார்த்தார்.

“நல்லாருக்கு தம்பி. நெஜமாவே நல்லாருக்கு. அந்த ஆறாவது, மீன் பாக்கறதப் பாத்தா குழம்பே கொதிக்குது.”

“அப்ப குடுங்கண்ணே! பேரு தெரிஞ்ச ஆளு வேணும்னீங்க. இப்ப என் பேரு தெரியாதவங்க பினாங்குல யாருண்ணே?”

அலாவுதீன் தாடியைத் தடவினார். “அதான் தம்பி சிக்கல். எல்லாருக்கும் தெரியும், ஆனா எதுக்குத் தெரியும்? மீன் மசாலா வாங்க வர்ற பொம்பள, இது செத்துப்போனாருல்ல அந்தக் குணாளன் போட்ட பாக்கெட்டுன்னு சொன்னா, மீன் ஒடம்பா, ஆள் ஒடம்பான்னு பயந்துருவா. ஒரு ரெண்டு வருசம் போகட்டும்.” எழுந்தவர், திரும்பி, “சோத்த வச்சிட்டுப் போறேன். உசிரோட இருக்கறவனும் சாப்பிடணும்ல,” என்றார்.

பானை கூடத்தின் நடுவில், சட்டம் போட்ட படத்துக்கு எதிரில், ஆவி பறக்க உட்கார்ந்திருந்தது. படையல் மாதிரியே இருந்தது.

மதியம் ஒரு மலர்வளையம் தனியாக லிஃப்டில் ஏறி வந்தது. நாடாவில் ‘லேபல் – உன் நினைவுகளோடு, பேக்கிங் பிரிவு’. கூடவே ரோஹானாவிடமிருந்து சுபாஷினிக்குக் குறுஞ்செய்தி: ஆழ்ந்த அனுதாபங்கள், அவருக்காக வைத்திருந்த இடத்தை நேற்று மாலையே வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டோம், அதைப் பற்றி இந்த நேரத்தில் நீங்கள் கவலைப்பட வேண்டாம்.

சுபாஷினி அதை இரண்டு தரம் படித்துக் காட்டினாள். முதல் தரம் அவனுக்குக் காது கேட்கவில்லை.

“செத்தும் லேபல்தான்,” என்றான் அவன்.

திரும்பிப் போக இருந்த ஒரே கதவும் சாத்தியாகிவிட்டது. இனி அந்த ஒருத்தர் வந்தே ஆக வேண்டும். வராவிட்டால் தொழிற்சாலையும் இல்லை, பெயரும் இல்லை. இரண்டு பேரும் அலாவுதீன் கொண்டு வந்த சோற்றைத் தின்றார்கள். நன்றாக இருந்தது. அது அவனுக்கு இன்னும் அழுகையை மூட்டியது.

சாயங்காலம் சுப்பையா குழுவில் திருத்தம் போட்டார். தபால்காரர் தப்பான கடிதத்தைத் திரும்ப வாங்கிவிடுவார் அல்லவா. ‘முக்கிய அறிவிப்பு: மறைந்த குணாளன் நலமுடன் இருக்கிறார். நேற்று வந்த படம் மரண அறிவிப்பு அல்ல. அவர் டிசைனர். அந்தப் படத்தை அவரே செய்துகொண்டார். சந்தேகம் உள்ளவர்கள் அவரையே கேட்கவும்’ என்று எழுதி, அவன் எண்ணையும் சேர்த்து, நானூறு பேருக்கும் அனுப்பினார்.

திங்கட்கிழமை காலையில் போன் அடிக்கத் தொடங்கியது. குணாளன் ஒவ்வொரு தடவையும் பாய்ந்து எடுத்தான்.

“ஹலோ, உசிரோடதானே இருக்கீங்க?”

“ஆமாங்க.”

“சரி சரி, சும்மாதான் கேட்டேன்.” கட்.

இப்படிப் பதினேழு பேர். ஒருத்தர் நம்பாமல், வீடியோ அழைப்பில் வந்து மூச்சு விட்டுக் காட்டச் சொன்னார். பதினொன்றே முக்கால் ஆனது. குளியலறைக் கதவிலிருந்து குருவின் வாசகத்தைப் பிய்த்தெடுத்தான்; பெயிண்டும் சேர்ந்து வந்தது. பன்னிரண்டு மணிக்குப் பிறகு என்ன செய்வது என்று யோசிக்க முயன்றான். பன்னிரண்டுக்குப் பிறகு மனத்தில் ஒன்றுமே இல்லை. வெறும் வெள்ளையாக இருந்தது.

பதினொன்று ஐம்பத்திரண்டுக்குப் போன் அடித்தது.

“உசிரோடதான் இருக்கேன்,” என்றான் எடுத்த எடுப்பிலேயே.

மறுமுனையில் ஒரு வயதான பெண் குரல், மெதுவாக: “குணாளன்ங்களா?”

“ஆமாம்மா.”

“டிசைனர் குணாளன்தானே?”

அவன் போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். உம் என்று ஒரு சத்தம் மட்டும் வந்தது.

“நான் சுங்கை பாக்காப்லேருந்து பேசறேன் தம்பி. அமலம்மாள். என் வீட்டுக்காரரு காலையில ஆறு மணிக்குத் தவறிட்டாரு. நாளைக்குப் பத்து மணிக்குக் மாதா கோயில்ல பூச. ஒங்க படம் எனக்கும் வந்துச்சு. எல்லாரும் ரோசாப்பூ, புறா, கலர் கலரா மேகம்னு போடறாங்களே, அந்த மாரி இல்லாம ஒங்களுது நல்லா இருந்துச்சு. ஆள் பாக்க மரியாதையா தெரிஞ்சாரு. அந்த மாரி இவருக்கு ஒண்ணு செஞ்சு குடுங்க தம்பி.”

குணாளன் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தான். பன்னிரண்டுக்குள், பெயரைச் சொல்லி, போன் போட்டு, இதைச் செய்து கொடுங்கள் என்று ஒருத்தர். கேட்ட மூன்றும் இருக்கிறது. ஒரு வார்த்தைகூடக் குறையவில்லை. ஆனால் இதற்கு ஆமாம் என்றால், அலாவுதீனின் இரண்டு வருடம் இருபது வருடமாகிவிடும். ஊர் முழுக்க அவன் சாவுக்காரன். ஒரு பென்சிலை எடுத்தான்.

“அவரு பேரு என்னாம்மா?”

“இராயப்பன். அது யாருக்கும் தெரியாது தம்பி. நாப்பது வருசம் எஸ்டேட்ல லோரி ஓட்டுனாரு. ‘லோரி’ன்னுதான் எல்லாரும் கூப்புடுவாங்க. கல்யாணப் பத்திரிகையிலகூட அவரு கூட்டாளிங்க ‘மிஸ்டர் லோரி’ன்னு போட்டாங்க, எங்கப்பா சண்டைக்குப் போயிட்டாரு.” அந்தக் குரல் சிரிக்கப் போய் உடைந்தது. “அதனால பேரப் பெருசா போடுங்க. இராயப்பன்னு. இந்த ஒரு தடவயாச்சும்.”

குணாளன் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தான்.

“ஆனா தம்பி,” என்றாள் அமலம்மாள், “வெறும் இராயப்பன்னு போட்டா யாருன்னே தெரியாதே? யாரும் வராம போயிட்டா?”

“லோரி பக்கத்துல நிக்கிற மாரி படம் எதும் இருக்காம்மா?”

“இருக்கு. கதவுல கைய வச்சிக்கிட்டு நிப்பாரு. சட்ட பட்டன் ரெண்டு தொறந்து கெடக்கும். அது போயி எப்படி…”

“அதையே அனுப்புங்கம்மா. லோரியப் பாத்தா ஆளு யாருன்னு எல்லாருக்கும் தெரிஞ்சிரும். அப்புறம் கண்ணு கீழ எறங்கும். அங்க பேரு இருக்கும். லோரின்னு நாம எழுத வேணாம்.”

படம் வந்தது. குணாளன் அதற்குள் இறங்கினான். இந்தத் தடவை ஒன்பது நாள் இல்லை, ஒன்றரை மணி நேரம். திறந்து கிடந்த பட்டனைத் திருத்தவில்லை. தலைக்குப் பின்னால் வெளிச்சம் வைக்கவில்லை. லோரிக் கண்ணாடியில் ஏற்கெனவே வெயில் விழுந்திருந்தது. லோரியின் முன்பக்கம் பாதி தெரியும்படி வெட்டினான். கீழே, படத்தின் அகலத்துக்கு, ஒரு வீட்டுக்குப் பெயர்ப்பலகை மாட்டுவது போல, இராயப்பன். பூசை நேரம், கோயில் பெயர், வீட்டு வழி. ஒரு புள்ளி கூடுதலாக இருக்கக் கூடாது என்று எட்டு தரம் சரிபார்த்தான்.

சுபாஷினி மதிய இடைவேளையில் ஓடி வந்தவள், மூச்சிரைக்கப் பின்னால் வந்து நின்றாள்.

“பன்னெண்டுக்குள்ள வந்துச்சா?”

“எட்டு நிமிசம் முன்னாடியே.”

அவள் திரையைப் பார்த்தாள். மசாலா இல்லை, ஹோட்டல் இல்லை, மெனு அட்டை இல்லை. வெகுநேரம் பார்த்தாள்.

“இந்தத் தாத்தாவ எனக்குத் தெரியாது,” என்றாள். “ஆனா நாளைக்குப் போகணும் போல இருக்கு.”

படத்தின் வலது மூலையில் சின்னதாக, கண்ணுக்கு எட்டுவதும் எட்டாததுமான எழுத்தில், ‘குணாளன்’ என்று போட்டிருந்தான். ஐந்து மாதமாக எல்லா வேலையிலும் அங்கேதான் போடுவான். குரு சொன்ன இடம். முதல் தடவையாக அது உண்மையான ஆளுக்கு, ஆள் கேட்டுச் செய்த வேலையில் உட்கார்ந்திருந்தது. அதைப் பார்க்கப் பார்க்க நெஞ்சு நிறைந்தது. பிறகு ஏதோ உறுத்தியது.

“ஏங்க,” என்றாள் சுபாஷினி, “இதுல ரெண்டு பேரு இருக்கு.”

“ம்.”

“சுப்பையாண்ணே கையில கெடைச்சா ரெண்டு பேரு செத்துட்டாங்கன்னு அனுப்பிருவாரு.”

அவன் சிரித்தான். சனிக்கிழமையிலிருந்து முதல் சிரிப்பு. சிரித்து முடிக்கும்போது கண்ணைத் துடைக்க வேண்டியிருந்தது. சுட்டியை மூலைக்குக் கொண்டுபோய், தன் பெயரைத் தொட்டு, கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்து, அழித்தான். அமலம்மாளுக்கு அனுப்பினான்.

மூலை வெறும் வெள்ளையாக இருந்தது. அங்கே இனி இராயப்பனின் லோரி தாராளமாகத் திரும்பலாம்.